பாஸ்புக்கில் விழாத பணம்

“பணம் வேண்டாம் மேடம். அது உங்க பேங்குக்கு வரவே இல்லன்னு ஒரு லெட்டர் மட்டும் குடுங்க. அது போதும்.”

ராஜகுமார் இதையே மூன்றாவது தடவையாகச் சொன்னார். தாராவியில் தோல் பை செய்து விற்கும் கடைக்காரர். ஐம்பத்தைந்து வயது இருக்கும். பேசும்போது ஷ்யாமளாவின் முகத்தைப் பார்க்காமல் மேசைக் கண்ணாடியையே பார்த்தார்.

ஷ்யாமளா அந்த வங்கியின் மும்பை மாட்டுங்கா கிளைக்கு மாற்றலாகி வந்து இரண்டு வாரம்தான் ஆகிறது. பணம் எந்த வழியாகப் போய் எந்த வழியாகத் திரும்புகிறது என்று யாராவது கேட்டால் போதும், அவளுக்குச் சாப்பாட்டு நேரம்கூட மறந்துவிடும்.

“தொண்ணூத்திரண்டாயிரம் ரூபாய் சார். வேண்டாம்னா எப்படி? முதல்லேர்ந்து சொல்லுங்கோ.”

சொன்னார். தோலின் ஓரத்தைச் சீவும் மெஷினுக்காக, ஜனவரியில் தைவான் கம்பெனி ஒன்றுக்குக் கார்டில் பணம் கட்டியிருக்கிறார். மெஷினை அனுப்ப முடியாது என்று அவர்கள் கைவிரித்துவிட்டார்கள். பணத்தைத் திருப்பிவிட்டோம் என்று மார்ச்சில் மெயில் வந்தது. இப்போது ஜூலை.

“வாரா வாரம் திங்கக்கிழமை பாஸ்புக் அடிக்கேன் மேடம். ஒரு பைசா விழல. இங்கயும் ரெண்டு வாட்டி வந்து கேட்டாச்சு. உங்க ஆளுங்களே கணக்கப் பாத்து வரலன்னுட்டாங்க. அத எழுத்துல குடுங்க. நாளைக்கு எங்க ஊர்க்காரங்க சங்கத்துல காட்டணும்.”

“சங்கமா? தைவான்காரனை உங்க சங்கம் என்ன பண்ணும்?”

ராஜகுமார் கர்ச்சீப்பை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். பணத்துக்காக நடையாய் நடப்பதில் மனிதர் கூசிப்போயிருக்கிறார் என்று ஷ்யாமளாவுக்குத் தோன்றியது.

“இதுல வெட்கப்பட ஒண்ணுமே இல்லை. அந்த மெயிலைக் காட்டுங்கோ. மெயில் எல்லாம் யார் பாத்துக்கறா?”

“வேல்ராஜுன்னு, கடையில கணக்கு எழுதினவன். இப்ப இல்ல. நின்னுட்டான்.”

போனை வாங்கிப் பார்த்தவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“இதோ! இந்த இருபத்து மூணு இலக்க நம்பர். கொரியர்ல ரசீது நம்பர் தரா இல்லையா, அது மாதிரி. அந்த ஊர் பேங்க் பணத்தை அனுப்பறச்சே இதையும் சேர்த்து அனுப்பும். நடுவுல கார்டு கம்பெனி, அப்புறம் நாம. பணம் எங்க நின்னிருந்தாலும் இதை வெச்சுப் பிடிச்சுடலாம்.”

“அவனும் இந்த நம்பரத்தான் தூக்கிட்டு அலைஞ்சான். நம்பர வச்சு என்ன செய்ய? பாஸ்புக்குல விழணும்லா?”

பக்கத்து மேசையிலிருந்து சக ஊழியர் மகாதேவன் எட்டிப் பார்த்தார். “ஷ்யாமளா, கிளாஸ் ஆரம்பிச்சாச்சா? சாருக்கு ஹோம்வொர்க்கும் குடுத்து அனுப்பு.”

“நீங்க சும்மா இருங்கோ!” என்றபடியே நம்பரைத் தட்டினாள். “எந்தக் கார்டுல கட்டினேள்?”

“உங்க பேங்க் கிரெடிட் கார்டு. அது இப்ப இல்ல. வருஷச் சந்தா ஆயிரம் ரூவா கேட்டாங்க. போங்கடான்னு பிப்ரவரியிலயே குளோஸ் பண்ணி, கத்தரியால வெட்டிப் போட்டுட்டேன்.”

ஷ்யாமளாவின் விரல்கள் நின்றன. கண்கள் பளபளத்தன.

“அப்படிச் சொல்லுங்கோ! கிரெடிட் கார்டுல கட்டின பணம் பாஸ்புக் பக்கமே வராது சார். கார்டோட கணக்குக்குத்தான் திரும்பும். கார்டை நீங்க வெட்டிட்டேள். ஆனா திரும்பற பணம் அந்தப் பழைய நம்பரைத் தேடிண்டுதான் வரும். இங்க எல்லாரும் சேவிங்ஸ் கணக்கையே பாத்திருக்கா.”

“வேண்டாம் மேடம்... எதுக்கு உங்களுக்குச் சிரமம்? அந்த லெட்டர்...” அவர் குரல் இறங்கிப்போயிற்று.

“ஒரே நிமிஷம்.”

மூடிய கார்டுகளின் பட்டியலைத் திறந்தாள். கீழே, இன்னும் கீழே... சட்டென்று கை தட்டினாள்.

“வந்துடுத்து! மார்ச் இருபத்தொண்ணாம் தேதியே வந்துடுத்து. மூடின கார்டுங்கறதால உங்களுக்கு ஸ்டேட்மென்ட் போகலை. டாலர் ஏறினதுல ஆயிரத்து நானூறு ரூபா லாபம் வேற!”

“நல்லாப் பாருங்க. வேற யாருதாவது இருக்கும்.”

“உங்க பேரு, உங்க கார்டு, அதே நம்பர். பக்கா.”

“சார், எல்லாருக்கும் ஸ்பெஷல் சாய் சொல்லுங்கோ!” என்றார் மகாதேவன்.

ராஜகுமார் சிரிக்கவில்லை. தலை தொங்கிவிட்டது. ஷ்யாமளா தண்ணீர் பாட்டிலை அவர் பக்கம் நகர்த்தி, ஒரு ஃபாரத்தையும் பேனாவையும் வைத்தாள்.

“சந்தோஷப்படுங்கோ சார். ஒரு கையெழுத்து. ரெண்டு நாள்ல பணம் உங்க கைல.”

அவர் பேனாவைத் தொடவில்லை.

“மார்ச் இருபத்தொண்ணா மேடம்? ஏப்ரலுக்கு முன்னாடியேவா?”

“ஆமாம். ஏன்?”

“வேல்ராஜோட பொண்டாட்டி சங்கத்துல பிராது குடுத்திருக்கா. அதுக்குத்தான் லெட்டர் கேட்டேன்.” அப்போதுதான் முதல் தடவையாக அவர் அவள் முகத்தைப் பார்த்தார். “அவன்தான் பணத்தத் தின்னுட்டான்னு நாலு பேர் முன்னால எழுதி வாங்கி, தாராவி லேபர் கேம்ப்ல அவன் குடியிருந்த வாடகை ரூமக் காலி பண்ண வச்சு, அதுக்கு அவன் கட்டியிருந்த டெபாசிட்ட ஏப்ரல்லயே எண்ணி வாங்கிட்டேன் மேடம்.”