புள்ளி ஒண்ணு

"மாப்பிள்ளை, நீங்க எலெக்ட்ரானிக்ஸ்தானே படிச்சீங்க?"

முன் சீட்டிலிருந்து மாமனார் மறுபடியும் கேட்டார். கார் ஸ்டீரியோ கொதிக்கிற எண்ணெய் மாதிரி இரைந்துகொண்டிருந்தது.

"ஆமா மாமா," என்றான் மாப்பிள்ளை, ஸ்டியரிங்கை விடாமல்.

"பாஸ் பண்ணீங்களா?"

பின் சீட்டில் அவன் மனைவி தலையைக் குனிந்துகொண்டாள்.

விஷயம் சின்னது. கையடக்க எம்.பி.த்ரீ பிளேயரில் பாட்டு இருக்கிறது. அதில் செருகிய குட்டி டிரான்ஸ்மிட்டர், பாட்டை ஒரு எஃப்.எம். எண்ணில் அனுப்பும். கார் ரேடியோவையும் அதே எண்ணில் வைத்தால் பாட்டு கேட்கும். பிளேயர் பின்னால் மாமியார் கையில். ரேடியோ முன்னால் மாமனார் கையில்.

சிக்கல் என்னவென்றால், அவர்கள் இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

இளைய மகளுக்குப் பிறந்த குழந்தைக்கு என்ன பெயர் என்பதில் சண்டை. ஆளுக்கொரு பெயரைப் பிடித்துக்கொண்டு தொங்கினார்கள். பெற்றவளை யாரும் கேட்கவில்லை. நேற்று அவள் ஆஸ்பத்திரியிலிருந்தே போன் செய்துவிட்டாள். "மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு வர்றதா இருந்தா ரெண்டு பேருமே வராதீங்க. குழந்தையைக் கண்ணுல காட்ட மாட்டேன்."

சொன்னால் செய்கிறவள். இவர்களோ தூக்கிய மூஞ்சியை இறக்காமலேயே காரில் ஏறியிருந்தார்கள். பின் சீட்டில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்த மூத்தவள்தான் இருவருக்கும் நடுவே தூது.

"உங்கம்மாகிட்ட என்ன நம்பர்னு கேளு," என்றார் மாமனார்.

"எண்பத்தெட்டு புள்ளி ஒண்ணுன்னு உங்கப்பாகிட்ட சொல்லு."

"புள்ளி ஒண்ணாம்ப்பா."

"வெச்சாச்சுன்னு சொல்லு."

"வெச்சாச்சாம், அம்மா."

"வெச்சா ஏன் வரலைன்னு கேளு."

"எனக்குத் தலை சுத்துது," என்று மகள் கண்ணை மூடிக்கொண்டாள். "ஆளை விடுங்க."

கொஞ்ச தூரம் இரைச்சல் மட்டும் பயணம் செய்தது.

மாமியார் ஜன்னலைப் பார்த்துச் சொன்னார், "எண்பத்தெட்டு புள்ளி ஒண்ணு."

மாமனார் டாஷ்போர்டைப் பார்த்துச் சொன்னார், "அதுலதான் வெச்சேன். இப்ப புள்ளி மூணு காட்டுது."

"தானா நகருமா?"

"பின்னே நானா நகர்த்தினேன்?"

"நீங்க வெச்ச பொருள் எது வெச்ச இடத்துல இருந்திருக்கு?"

"நீ அங்க என்னத்தை அமுக்கினே?"

"நான் எதை அமுக்கினேன்? பச்சைக் குழந்தையைப் பிடிக்கிற மாதிரி பிடிச்சிட்டிருக்கேன்."

மாமனார் மறுபடி திருகினார். சட்டென்று அரை வரிப் பாட்டு கேட்டது.

"வந்துடுச்சு. ஆடாதே."

"நான் மூச்சே விடலைங்க."

போய்விட்டது.

"மாமா," என்றான் மாப்பிள்ளை பணிவாக, "அத்தை அதைக் கொஞ்சம் உயரத்துல பிடிச்சா வரலாம்."

மாமியார் பிளேயரைத் தலைக்கு மேலே தூக்கினார்.

"இன்னும் கொஞ்சம்," என்றார் மாமனார்.

"இதுக்கு மேலன்னா நான் வண்டிக்கு மேல ஏறித்தான் உட்காரணும்."

மாமனாருக்குப் பொத்துக்கொண்டு சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தார், இருமலாகி வெளியே வந்தது. மாமியார் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். நீட்டும்போதே அவருக்கும் சிரிப்பு வந்து, பாதித் தண்ணீர் மாமனார் சட்டையில்.

அதற்குப் பிறகு இருவரும் ஒரு விஷயத்தில் ஒன்று சேர்ந்துவிட்டார்கள். அந்த விஷயம் மாப்பிள்ளை.

"தப்பா நினைக்காதீங்க மாப்பிள்ளை, வீட்டுல பல்பு யாரு மாட்டறது?"

"அவதான் மாமா."

"நினைச்சேன்."

"பாவம், விடுங்க," என்றார் மாமியார். "படிப்பு வேற, வேலை வேற."

"படிப்பு ஒரு எண்ணுல இருக்கு, மூளை ஒரு எண்ணுல இருக்குங்கறே."

"நான் எங்கே சொன்னேன்? நீங்கதான் சொல்றீங்க."

இருவரும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். மாப்பிள்ளை அசடு வழிந்தான். மூடிய கண்ணுக்குள் மகளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பெட்ரோல் போட வண்டி நின்றது. ஓரமாக ஒரு டீக்கடை. மாமனார் இறங்கிப் பின் கதவைத் திறந்தார். "உனக்குச் சர்க்கரை கம்மியாத்தானே?" என்று கேட்டபடியே மாமியாரைக் கூட்டிக்கொண்டு போனார்.

மகள் பொரிந்தாள். "தினம் ஆபீசுக்குப் போறப்ப கண்ணை மூடிக்கிட்டு இதைப் போடறீங்க. இன்னிக்கு என்ன கேடு வந்துச்சு? எங்கப்பா அம்மா உங்களை இந்தக் கிழி கிழிக்கறாங்க, நீங்களும் ஈன்னு இளிச்சிட்டிருக்கீங்க. எனக்கு மானம் போகுது."

ஸ்டியரிங்கில், கட்டைவிரல் படுகிற இடத்தில் ஒரு பொத்தான். அவன் அதைக் கீழே தள்ளினான். புள்ளி மூணு, புள்ளி ஒண்ணு ஆனது. கார் கொள்ளாமல் பாட்டு வந்தது.

பொத்தானை மேலே தள்ளினான். இரைச்சல்.

அவள் திறந்த வாயை மூடவில்லை. "வழியெல்லாம் நீங்கதானா?"

"இன்னும் பாதி தூரம் இருக்கு," என்றான். "பாட்டு வந்துட்டா பேச்சு நின்னுடும்."

அவள் வெளியே பார்த்தாள். ஈரச் சட்டையைக் காட்டி அப்பா ஏதோ சொல்ல, அம்மா டீ கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்.

திரும்பி வந்ததும் மாமியார் கதவருகிலேயே குனிந்து கேட்டார், "என்னடி, வந்துச்சா?"

மகள் சீட்டில் கிடந்த பிளேயரை எடுத்து, டிரான்ஸ்மிட்டர் எண்ணை இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்து அம்மாவின் கையில் கொடுத்தாள்.

"எங்கே வருது? உன் மாப்பிள்ளைக்கு ஒரு மண்ணும் தெரியலைம்மா."