குறையே வராத குரூப்

இலவச மென்பொருள் ஒன்றை எழுதி உலகத்துக்கே கொடுத்தவருக்கு, அதில் உடன் உழைக்கும் தம்பி போன் செய்தான்.

"அண்ணே, உதவி கேக்கிற குரூப்பைப் புது ஆப்புக்கு மாத்தினதுல இருந்து ஒரு புகார்கூட இல்ல! பழைய குரூப்பை இன்னைக்கு அடியோட அழிச்சாச்சு."

"என்னைக் கேக்காமலா?"

"ஓட்டுப் போட்டோமே, புது ஆப்புல."

"என்னால அதுக்குள்ள வரவே முடியலன்னு பழைய குரூப்ல எழுதினேனே?"

"அதை யாருண்ணே பாக்கிறா? உள்ள வர என்ன கஷ்டம்? ஒன்பது படம் காட்டும், சைக்கிள் இருக்கிறதைத் தொட்டாப் போதும்."

"தம்பி, நம்ம மென்பொருள் யாருக்கு?"

"பார்வையில்லாதவங்களுக்கு" என்று பெருமையாகச் சொன்னவனுக்கு அப்புறம்தான் உறைத்தது.

அவர்களைத் திரும்பக் கூப்பிட ஒரு முகவரிகூட மிஞ்சியிருக்கவில்லை.