மோசே சொன்ன சாக்கு

எழுந்தான், பல் தேய்த்தான், குளித்தான், சட்டையின் முன்பக்கத்தை மட்டும் இஸ்திரி போட்டான்.

"முதுகு என்ன பாவம் பண்ணுச்சு?" என்றாள் மனைவி.

"கோட்டு மறைச்சிடும். அதோட, நான் போறதாவே இல்லை. கூட்டத்தைப் பார்த்தா எனக்கு நாக்கு ஒட்டிக்கும்."

"மோசேவும் கடவுள்கிட்ட அதைத்தான் சொன்னார். அடுத்தது?"

"நான் சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க."

"அதுவும் அவர் சொன்னதுதான்."

"வேற யாரையாவது அனுப்பலாமே?"

"சொந்தமா ஒரு சாக்குகூடச் சொல்லத் தெரியலையே உங்களுக்கு."

கதவைத் தட்டிவிட்டு மச்சினி எட்டிப் பார்த்தாள்.

"யார்கிட்ட பேசுறீங்க அத்தான்? சபையில இருபது பேர் உட்கார்ந்திருக்காங்க. இன்னைக்கும் பாடம் எடுக்க ஆள் வரலைன்னா அக்கா நடத்தின வேதபாட வகுப்பை மூடிடுவாங்களாம்."

"அஞ்சு நிமிஷம் இருக்கச் சொல்லு."

இஸ்திரிப் பெட்டியின் பிளக்கை மறுபடியும் செருகி, சட்டையின் முதுகுப்பக்கத்தை மேலே திருப்பிப் போட்டான். நான்கு மாதமாக அந்த வீட்டில் அவள் பேச்சையும் அவன்தான் பேசிக்கொண்டிருக்கிறான். அவள் நிஜமாகவே கடைசியாகப் பேசியது, ஆஸ்பத்திரியில் தன் பைபிளை அவன் கையில் கொடுத்தபோது.

"வகுப்பெடுக்கப் போறப்ப சட்டையை முழுசாத் தேய்ச்சுப் போடுங்க. மோசேவுக்கு முகம் பிரகாசிச்சுது. உங்களுக்குச் சட்டையாவது பிரகாசிக்கட்டும்."