எண்ணெய்த் தடம்

கீமோ முடிந்து திரும்பும்போதெல்லாம் வளர்மதி காரிலேயே வாந்தி எடுத்துவிடுகிறாள். சீட்டுத் துணியில் கறை பிடிக்காமலிருக்க கோட்டிங் போடலாமென்று கணவன் கிருபாகரன் அவளையும் கார் பராமரிப்புக் கடைக்கு அழைத்து வந்திருந்தான்.

கடைக்காரர் சகாயம் கோட்டிங் பூசிய மாதிரித் துணியில் தண்ணீர் தெளித்துக் காட்டினார். நீர் உள்ளே இறங்காமல் உருண்டைகளாக நின்றது.

"ஆறு மாசம் தாங்குறது இருக்கு, ரெண்டு வருஷம் தாங்குறதும் இருக்கு. எது சார் போடட்டும்?"

"ரெண்டு வருஷம்."

"கேட்டீங்களாண்ணா, ரெண்டு வருஷத்துக்கு நான் வாந்தி எடுக்கணுமாம்!" வளர்மதி சிரித்தாள். நேற்று டாக்டர் கிருபாகரனை மட்டும் உள்ளே கூப்பிட்டுப் பேசியிருந்தார். எல்லாம் குறைந்து வருகிறதாம் என்று அவன் வெளியே வந்து சொன்னதை அவள் நம்பியிருந்தாள்.

"முதல்ல ஷாம்பூ போட்டு சுத்தமாக் கழுவிடுவோம்மா. பழைய எண்ணெய்க் கறைகூடப் போயிடும். அப்புறம் எதுவும் ஒட்டாது. யாருமே உட்காராத சீட்டு மாதிரி இருக்கும்."

கிருபாகரன் காருக்குள் பார்த்தான். முன்சீட்டில் தலை சாயும் இடத்தில், அவளுக்குக் கூந்தல் இருந்த நாட்களில் படிந்த எண்ணெய்த் தடம் வட்டமாகத் தெரிந்தது.

"முன்னாடி, அவ உட்கார்ற சீட்டு மட்டும் வேணாம்."

"அதுக்குத்தானே சார் வந்தீங்க?"

"வேணாம். அது அப்படியே இருக்கட்டும்."

தலையில் கட்டியிருந்த துணியைச் சரிசெய்துகொண்டிருந்த வளர்மதியின் கை நின்றது.

"ஏங்க, நேத்து டாக்டர் என்னதான் சொன்னார்?"