எட்டாத காது

“பள்ளிச் சான்றிதழ்ப்படி உங்களுக்கும் உங்க தம்பிக்கும் நாலே மாசம்தான் வித்தியாசம். ஒரே தாய்க்கு எப்படிங்க?” என்று குடியுரிமை விசாரணை அதிகாரி கேட்டார்.

“ஹெட்மாஸ்டரு அவராவே ஒரு தேதியப் போட்டுக்குவாருங்க சார். கையத் தலைக்கு மேல சுத்தி மறுகாதத் தொட்டாப் போதும், பள்ளிக்கூடத்துல சேத்துக்குவாரு. அன்னைக்கு நான் தொட்டேன்.”

“வேற ஆதாரம் இல்லேன்னா, நீங்க இந்த நாட்டுக்காரர் இல்லேன்னுதான் எழுதணும்.”

அறுபத்தைந்து வயது மாசிலாமணி வலது கையைத் தலைக்கு மேல் கொண்டுபோய் இடது காதைத் தேடினார். தோள் இறுகிப்போயிருந்தது. விரல்கள் உச்சந்தலையோடு நின்றுவிட்டன.

“எட்டலையே” என்றார் அதிகாரி.

வரிசையில் பின்னால் நின்ற பெண் தன் காகிதங்களைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மாசிலாமணியின் முழங்கையை மெல்ல மேலே தள்ளினாள்.