பனியன் பரீட்சை

விதைப்பண்ணை அமைக்க அண்ணன் நிலமா, தம்பி நிலமா என்பது அன்று முடிவாக வேண்டும். வேளாண் அதிகாரியின் மேசைமேல் இரண்டு பொட்டலங்கள் இருந்தன.

"ரெண்டு பேருக்கும் ஒரே நாள்லதான் புதுப் பனியன் குடுத்தேன். பிரிங்க, பாக்கலாம்."

அண்ணன் பிரித்தார். ஒரு நூலும் இற்றுப்போகாமல் பனியன் முழுதாக இருந்தது.

"துவைச்சா இன்னைக்கே போட்டுக்கலாம் சார்!"

தம்பியின் பொட்டலத்தில் தோள்பட்டைத் தையலும் சில நூல்களுமே மிஞ்சியிருந்தன.

"ஏண்டா, ஒரு பனியனைக் காப்பாத்தத் துப்பில்ல, உனக்கு விதைப்பண்ணை ஒரு கேடா?" என்றார் அண்ணன்.

தம்பி தலைகுனிந்தார்.

"பண்ணை தம்பி நிலத்துலதான்" என்றார் அதிகாரி.

"என்ன சார் அநியாயம்! என் வயல்ல ஒரு புல்லு, ஒரு புழு பாத்திருக்கீங்களா? மருந்தடிச்சு அவ்வளவு சுத்தமா வச்சிருக்கேன்!"

"அதாங்க வினை. ரெண்டு மாசம் வயல்ல புதைச்சு வைக்கச் சொன்னது பத்திரமா இருக்கான்னு பாக்க இல்ல. தம்பி மண்ணுல ஆயிரம் உயிர் கூடித் தின்னு தீர்த்திருக்கு. பயிருக்குச் சோறு போடுறதும் அதுங்கதான். உங்க மண்ணுல பந்திக்கு ஆளே இல்ல."

அண்ணன் தம் பனியனை முகர்ந்து பார்த்தார். மண்வாசனை இல்லை, மருந்து நெடிதான் அடித்தது.