இரண்டாவது கோடு

“சீ! மூஞ்சிக்கு நேரா நீட்டாதே, தள்ளிப் பிடி.”

கனகலதா முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டாள். மருமகள் ஜூதிகா ஒரு கையில் பிளாஸ்டிக் கிண்ணத்தோடும், மறு கையில் மாமியாரின் எனாமல் பானையோடும் கழிவறையிலிருந்து வந்திருந்தாள். இருட்டில் முற்றம் தாண்ட முடியாதென்று கனகலதா கட்டிலடியில் வைத்துக்கொள்ளும் பானை அது. காலையில் கொட்டிக் கழுவுவது மருமகள் வேலை.

“தண்ணி கிண்ணி கலக்கலையே?”

“இல்ல மா. விடிஞ்சதும் எடுத்ததுதான்.”

“நாள் தள்ளி ஒரு வாரம் கழிச்சுப் பார்த்தாத்தான் சரியாத் தெரியும்னு மருந்துக்கடைக்காரர் சொன்னார். அதான் பொறுத்திருந்தேன்.”

அடுப்படியில் கடுகெண்ணெயில் ஹில்சா மீன் பொரிந்துகொண்டிருந்தது. அந்த வாடை கனகலதாவின் குடலைப் புரட்டியது. கொஞ்ச நாளாகவே இவள் கை பட்ட எதுவும் வாயில் வைக்க விளங்கவில்லை.

“மீனைக்கூட ஒழுங்காப் பொரிக்கத் தெரியல. பதினேழு வயசுல நான் தாபஸைப் பெத்துட்டேன். நீ வந்து மூணு வருஷம் ஆச்சு, என்னத்தைக் கண்டோம்? எனக்கு மாசத் தொல்லை நின்னதிலேருந்து ஒரு நாள் விடாம உனக்காகப் பூசை பண்றேன். இன்னிக்கும் ஒத்தைக் கோடு வந்தா, மத்தியான பஸ்ல உங்கப்பா வீட்டுக்குக் கிளம்பிடு. என் பையனுக்கு வேற பொண்ணு பார்த்துக்கறேன்.”

ஜூதிகா கிண்ணத்தைத் தரையில் வைத்தாள்.

அவளை நம்பாமல், கனகலதாவே முகம் சுளித்துக்கொண்டு சோதனை அட்டையில் சொட்டு விட்டாள். முதல் கோடு வந்தது. சனியன் பிடித்தவள், இந்தத் தடவையும் இவ்வளவுதான் என்று அட்டையை வீசியெறியப் போனாள்.

பக்கத்திலேயே இரண்டாவது கோடு சிவந்தது.

“தாயே துர்க்கா!” பூசை அறைக்கு ஓடிச் சங்கை எடுத்து மூச்சு முட்ட ஊதினாள். ஊதி முடித்ததும் குமட்டிக்கொண்டு வந்தது. மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரியிடம், “நல்ல சேதி!” என்று கத்தினாள்.

திரும்பி வந்து மருமகளின் கையிலிருந்த பானையைப் பிடுங்கினாள்.

“மாசமா இருக்கிற பொண்ணு இந்தக் கருமத்தையெல்லாம் தொடக் கூடாது. இனிமே நானே கழுவிக்கறேன்.”

ஜூதிகா முதல் முறையாக அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

“எனக்கு ராத்திரியே தூரமாயிடுச்சு, மா. கிண்ணத்துல இருந்தது உங்க பானையில எடுத்தது.”